கம்ப்யூட்டர் செட்டிங்ஸைக் காப்பாற்ற எந்த டூல்? நிறுத்தும் வழியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

1/


லினக்ஸ் பற்றியும் தமிழ்த் தட்டச்சு பற்றியும் அவ்வப்போது எழுதுவதால் உள்பெட்டியில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது.

"டாக்டர், என்கிட்ட ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணுல பண்ற செட்டிங்ஸ் இன்னொண்ணுக்கு வர மாட்டேங்குது. ஸ்டோ, ஷேமுவா, யாடம், ஹோம் மேனேஜர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போடறது?"

தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இன்று கொஞ்சம் நேரம் கிடைத்ததால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். "எந்த டூல் பெஸ்ட்?" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். "நாளைக்கு இந்த டூலை எடுத்துவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். அதற்கு நல்ல பதில் தரும் டூலைப் போடுங்கள்.

ஏன்? பார்ப்போம்.

2/
தெரியாதவர்களுக்காக முதலில் அடிப்படை.

நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு புரோகிராமும் நம் விருப்பங்களை எங்கோ ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எந்த கீபோர்டு, எந்த ஷார்ட்கட், எந்த வார்த்தைக்குச் சிவப்புக் கோடு போடக்கூடாது, எல்லாம் அதில் இருக்கும். அதுதான் கான்ஃபிக் ஃபைல்.

லினக்ஸிலும் மேக்கிலும் இவற்றில் பலவற்றின் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். அதனால் "டாட் ஃபைல்" என்பார்கள். புள்ளியில் ஆரம்பிக்கும் ஃபைல் சாதாரணமாகக் கண்ணில் படாது.

இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த வசதி இல்லை. பழைய யூனிக்ஸில் ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை, ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு சிறப்புப் பெயர்களை மட்டும் காட்டாமல் விட வேண்டியிருந்தது. எழுதியவர் சுருக்கமாக "முதல் எழுத்து புள்ளியா? விட்டுடு" என்று எழுதிவிட்டார். மறைந்த ஃபைல்கள் என்பதே அந்தக் குறுக்குவழியின் பக்கவிளைவு என்று, பெல் லேப்ஸில் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-ல் எழுதினார்.

அந்தப் பக்கவிளைவை இன்னும் நாம்தான் அனுபவிக்கிறோம். போட்டோவை பேக்கப் எடுக்கிறோம். டாக்குமென்ட்ஸை எடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஃபைல்களை எடுப்பதில்லை. விண்டோஸிலும் இதே கதைதான். அங்கே "ஆப்டேட்டா" என்ற ஃபோல்டர் மறைந்து கிடக்கும். வேர்டில் நீங்கள் அமைத்த ஸ்டைல்கள் இருக்கும் நார்மல் டெம்ப்ளேட், நீங்கள் சேர்த்த சொற்கள் இருக்கும் கஸ்டம் டிக்‌ஷனரி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

3/
"இது புரோகிராமர் சமாச்சாரம் தானே டாக்டர், நமக்கெதுக்கு?"

தீசிஸ் எழுதும் மாணவர், டிடிபி சென்டர் வைத்திருப்பவர், மொழிபெயர்ப்பாளர், வக்கீல் குமாஸ்தா என்று தினமும் டைப் செய்யும் எல்லோருக்கும் இது பொருந்தும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உழைப்பு அந்த ஃபைல்களில் இருக்கிறது.

என்னையே எடுத்துக்கோங்க. வீட்டில் உபுண்டு போட்ட டெஸ்க்டாப். பயிற்சி வகுப்புகளுக்கு எடுத்துப் போக விண்டோஸ் லேப்டாப். இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை. இரண்டிலும் எஸ்பான்ஸோ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் டூல். நாலு எழுத்துச் சுருக்கம் அடித்தால் முழுப் பத்தியும் வந்து விழும். விழிப்புணர்வுப் பதிவுகளுக்கும் கையேடுகளுக்கும் அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை அதில் எழுதி வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு, ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறை. மருந்துக்கடையில் 1 லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட்டும் இருக்கு, 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் இருக்கு. சிறியதை 1 லிட்டரில் கரைத்தால் உப்பு போதாது. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிப்போய் குழந்தைக்கு ஆபத்து. அதனால் "பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் பார்த்துக் கரையுங்கள்" என்ற வரி அந்தப் பத்தியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த வரியை டெஸ்க்டாப்பில் சேர்த்தால் அது லேப்டாப்பிலும் சேர வேண்டும். சேராவிட்டால் பழைய பத்திதான் அடுத்த கையேட்டில் அச்சாகும். செட்டிங்ஸ் ஃபைல்தானே என்று நினைக்கிறோம். அதன் கடைசி முனையில் ஒரு அம்மா டம்ளரும் கையுமாக நிற்கிறார்.

ஒரு விஷயம். மருத்துவமனைக் கணினி அரசுடையது. அதில் என் சொந்த டூல் எதையும் நான் போடுவதில்லை. நீங்களும் ஆபீஸ் கணினியில் கேட்காமல் போடாதீங்க.

4/
"கூகுள் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா?"

ஒரே கணினி, நாலைந்து ஃபைல் என்றால் தாராளமாகப் போதும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் காப்பி எடுங்கள். இந்த இழையை இத்தோடு மூடிவிட்டுப் போய்த் தூங்கலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு கணினி ஆனதும் மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, வரலாறு. போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது ஓடவில்லை, நடுவில் எந்த வரியை மாற்றினேன்? டிரைவ் ஃபோல்டர் அதைத் தெளிவாகச் சொல்லாது. ஒரு கணினியில் அழித்தால் இன்னொன்றிலும் அழித்துவிடும். சிங்க் வேறு, பேக்கப் வேறு.

இரண்டாவது, வேறுபாடு. வீட்டு மானிட்டர் 24 இன்ச், லேப்டாப் 14 இன்ச். எழுத்தின் அளவு ஒன்றாக இருக்க முடியாது. எஸ்பான்ஸோ ஃபைல் லினக்ஸில் ஒரு இடத்தில் இருக்கும், விண்டோஸில் இன்னொரு இடத்தில் இருக்கும்.

மூன்றாவது, ரகசியம். சில கான்ஃபிக் ஃபைல்களில் பாஸ்வேர்டு இருக்கும். இதைத் தனியாகப் பேச வேண்டும். பிறகு வருகிறேன்.

5/
முதல் சிக்கலுக்கு மருந்து கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது.

கிட் என்ன செய்கிறது? வார்டில் கேஸ் ஷீட் எழுதுகிறோமே, அதேதான். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, நேரம், எழுதியவர் பெயர். பழைய குறிப்பை அழிக்க மாட்டோம், அதன் கீழே புதிது எழுதுவோம். மூணாம் நாள் ராத்திரி என்ன நடந்தது என்று புரட்டிப் பார்க்கலாம். கிட் உங்கள் ஃபைல்களுக்கு எழுதும் கேஸ் ஷீட்.

பிறகு எதற்கு இன்னொரு டூல்? கான்ஃபிக் ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் இருப்பதில்லை, வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவற்றைத் திரட்டி ஒரு இடத்தில் வைத்து, புதுக் கணினியில் அதனதன் இடத்தில் திரும்பச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் இந்த டூல்கள் செய்கின்றன. எப்படிச் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

6/
இப்போது என் அளவுகோலுக்கு வருகிறேன்.

பல வாரங்கள் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர் ஒருநாள் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பே சுரக்க வேண்டியதை அட்ரினல் சுரப்பி குறைத்திருக்கும். அது மறுபடி விழித்துக்கொள்ளும் வரை டோஸைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதனால் ஆரம்பிக்கும் அன்றே "இதை எப்படி நிறுத்தப் போறோம்?" என்ற திட்டம் டாக்டர் மனதில் இருக்கணும்.

டூலும் அப்படியே. எல்லா விளம்பரமும் போடுவது எவ்வளவு சுலபம் என்று சொல்லும். எடுப்பது எப்படி என்று நாம்தான் தேட வேண்டும். டூல் எழுதுபவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். நாளை அவர்கள் நிறுத்தலாம். ஆப்பிளோ மைக்ரோசாஃப்ட்டோ ஏதாவது ஒன்றை மாற்றலாம்.

கற்பனையாகச் சொல்லவில்லை. மேக்கப் என்று ஒரு டூல், மேக்கில் பலரும் பயன்படுத்தியது. செட்டிங்ஸ் ஃபைலை டிராப்பாக்ஸ் மாதிரி ஒரு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஒரு இணைப்பை மட்டும் வைக்கும். 2023-ல் மேக்ஓஎஸ் சோனோமா வந்தது. செட்டிங்ஸ் ஃபைல்களில் இப்படிப்பட்ட இணைப்புகள் அதில் ஒத்துவரவில்லை. "சோனோமாவிலும் அதற்குப் பிறகும் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள், உங்கள் செட்டிங்ஸ் கெட்டுவிடும்" என்ற கருத்தில் அந்த டூலின் விளக்கப் பக்கமே எச்சரிக்கை போட வேண்டி வந்தது.

டூல் எழுதியவர் மேல் தவறில்லை. கீழே இருந்த தரை நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

7/
சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டோ.

1993-ல் பாப் கிளிக்ஸ்டீன் எழுதியது. முதலில் வேறு வேலைக்காக வந்தது, மென்பொருள்களைப் பிரித்து அடுக்கி வைக்க. பிறகு டாட் ஃபைலுக்கும் மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அசல் ஃபைலை ஒரு ஃபோல்டரில் வைப்பீர்கள். இருக்க வேண்டிய இடத்தில் சிம்லிங்க், அதாவது "அசல் அங்கே இருக்கு, போய்ப் பார்" என்று சொல்லும் பலகையை ஸ்டோ மாட்டும். அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் அதன் மேல் எழுதாது, நின்றுவிடும். எனக்குப் பிடித்த குணம்.

குறை? கணினிக்குக் கணினி மாற்றம் செய்யத் தெரியாது. ரகசியத்தை மறைக்கத் தெரியாது. விண்டோஸுக்குச் சரிவராது. சில புரோகிராம்கள் சேவ் செய்யும்போது அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஃபைலை வைத்துவிடும். அசல் பழையதாகவே இருக்கும், நமக்குத் தெரியாது.

நிறுத்தும் வழி: பலகைகளைக் கழற்ற ஒரு கட்டளை. பிறகு அசலை நீங்களே காப்பி செய்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். ஃபைல் பெயர், உள்ளடக்கம் எதுவும் மாறியிருக்காது. பத்து நிமிட வேலை. பாஸ்.

8/
யாடம்.

கிட்டுக்கு மேலே போட்ட மெல்லிய சட்டை. ஃபைலை நகர்த்தாது, இருக்கும் இடத்திலேயே வைத்து வரலாறு எழுதும். கிட் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. லினக்ஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று மாற்று ஃபைல்கள் வைக்கலாம். ரகசிய ஃபைலைப் பூட்டியும் வைக்கலாம். விண்டோஸில் நேரடியாக ஓடாது, உள்ளே லினக்ஸ் போட்டால் ஓடும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதுமே அதன் எல்லை. "எல்லாத்தையும் சேர்" என்று ஒரு கட்டளை கொடுத்தால் நிஜமாகவே எல்லாவற்றையும் சேர்த்துவிடும்.

நிறுத்தும் வழி: அது வைத்திருக்கும் வரலாற்று ஃபோல்டரை அழித்தால் முடிந்தது. ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்று ஃபைல் வசதியைப் பயன்படுத்தியவர்கள் மட்டும் அந்த இணைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். நல்ல பாஸ்.

9/
ஷேமுவா.

பிரெஞ்சில் "என் வீட்டில்" என்று அர்த்தம். டாம் பெய்ன் எழுதியது. ஒரே ஒரு ஃபைலாக இறக்கிப் போடலாம். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும்.

இது பலகை மாட்டாது. மூலப்பிரதியை ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து நிஜ ஃபைலை எழுதி வைக்கும். "லேப்டாப்பா? எழுத்து அளவு இது. டெஸ்க்டாப்பா? அது" என்று மூலப்பிரதியிலேயே எழுதலாம். மாற்றும் முன் என்னென்ன மாறப்போகிறது என்று காட்டச் சொல்லலாம். ஊசி போடும் முன் மருந்தின் பெயரையும் எக்ஸ்பைரியையும் படித்துப் பார்க்கிறோமே, அப்படி. பாஸ்வேர்டை ஃபைலில் எழுதாமல், பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி மாதிரி பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து அந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

குறை? மூலப்பிரதியில் ஃபைல் பெயர்கள் விநோதமாக மாறியிருக்கும். புள்ளிக்குப் பதில் "டாட்" என்றே எழுதியிருக்கும். நிஜ ஃபைலை நேரடியாகத் திருத்தினால் அதற்குத் தானாகத் தெரியாது, நீங்கள் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வர கொஞ்ச நாள் ஆகும்.

நிறுத்தும் வழி: ஷேமுவாவை நீக்கினாலும் நிஜ ஃபைல்கள் சாதாரண ஃபைல்களாக அப்படியே இருக்கும். நீக்குவதற்கே தனிக் கட்டளை இருக்கு. எல்லா நிஜ ஃபைல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் கட்டளையும் இருக்கு. டிஸ்டிங்ஷன்.

10/
ஹோம் மேனேஜர்.

இது நிக்ஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபைலை மட்டும் பார்க்காது, எந்தெந்தப் புரோகிராம் வேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம். கெட்டுப்போனால் முந்தைய நிலைக்கு ஒரே கட்டளையில் திரும்பலாம். இதன் ரசிகர்கள் இதைப் புகழும்போது பொய் சொல்வதில்லை. பத்துப் பதினைந்து கணினிகளை ஒரே மாதிரி வைக்க வேண்டியவருக்கு இது வரம்.

ஆனால் நமக்கு? இதற்கென்று ஒரு தனி மொழி கற்க வேண்டும். உருவாகும் ஃபைல்கள் படிக்க மட்டும் முடியும், நேரில் திருத்த முடியாது. நிக்ஸ் சேமிக்கும் இடத்தை அந்தக் கணினியில் கணக்கு உள்ள எல்லோரும் படிக்க முடியும் என்பதால், ரகசியத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

நிறுத்தும் வழி: நீக்கினால் அது வைத்த இணைப்புகளும் போய்விடும். முன்கூட்டியே ஃபைல்களைக் காப்பி எடுத்திருக்க வேண்டும். நிக்ஸ் மொழியில் நீங்கள் எழுதிய செட்டிங்ஸ் வேறு எந்த டூலுக்கும் புரியாது. இதுதான் எனக்கு இடிக்கிறது. உங்கள் உழைப்பு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த மொழிக்காரர் வீட்டில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள்.

11/
இப்போது ரகசியம். இந்த இழையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இந்த ஃபைல்களை இணையத்தில் வைக்கப் பலரும் கிட்ஹப் பயன்படுத்துகிறார்கள். 2019-லிருந்தே அங்கே தனிப்பட்ட, பிறர் பார்க்க முடியாத களஞ்சியத்தைக் காசில்லாமல் வைக்கலாம். அப்படியிருந்தும் "என் டாட் ஃபைல்களைப் பாருங்கள்" என்று பொதுவில் வைப்பது ஒரு ஃபேஷன். கற்றுக்கொள்ள நல்லதுதான், மறுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

பாஸ்வேர்டு இருக்கலாம். சர்வர் சாவி இருக்கலாம். நீங்கள் டெர்மினலில் அடித்த கட்டளைகளின் வரலாறும் ஒரு டாட் ஃபைலில்தான் இருக்கிறது.

தெரியாமல் போட்டுவிட்டு அடுத்த நாள் அழித்தால் போதுமா? போதாது. கிட் ஒரு கேஸ் ஷீட் என்று சொன்னேன் இல்லையா? பழைய பக்கம் உள்ளேயே இருக்கும். நடுவில் யாராவது காப்பி எடுத்திருந்தால் அது உங்கள் கையை விட்டே போய்விட்டது. பொதுக் களஞ்சியங்களில் தெரிந்த வகைச் சாவிகள் ஏறுவதைத் தானாகத் தடுக்கும் காவலை 2024-ல் கிட்ஹப் போட்டது. அது அடையாளம் தெரிந்த திருடனை மட்டும் பிடிக்கும் காவல். ஆகவே, ஒரு பாஸ்வேர்டு வெளியே போனால் அழிப்பதோடு நிற்காதீர்கள். முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

சக டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. சுருக்கெழுத்து டூலில் டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நிஜ நோயாளியின் சம்மரியை அப்படியே ஒட்டி "மாதிரி" ஆக்காதீர்கள். பெயர், ஊர், ஐ.பி. நம்பர், எதுவும் அதில் இருக்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சின்ன ஊரில் வயதும் அபூர்வ நோயின் பெயரும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு என்ற செய்தி வெளியே போனால் எதை மாற்றுவது?

பூட்டி வைக்கும் வசதி டூலில் இருந்தாலும் என் கருத்து இதுதான். நோயாளி தகவல் கான்ஃபிக் ஃபைலுக்குள் வரவே கூடாது.

12/
சரி டாக்டர், பிரிஸ்கிரிப்ஷன் எழுதுங்க என்கிறீர்களா? இதோ.

ஒரே கணினி, நாலைந்து ஃபைல்: எந்த டூலும் வேண்டாம். மாதம் ஒருமுறை காப்பி.

இரண்டு லினக்ஸ் கணினி, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி: கிட், அதன் மேல் ஸ்டோ.

கிட் ஏற்கெனவே கைப்பழக்கம், ஃபைல் நகரவே கூடாது: யாடம்.

ஒன்று லினக்ஸ், ஒன்று விண்டோஸ் அல்லது மேக், பாஸ்வேர்டும் கலந்திருக்கு: ஷேமுவா. நான் பயன்படுத்துவதும் இதுதான்.

நிறையக் கணினிகள், கற்றுக்கொள்ள ஆர்வமும் நேரமும் உண்டு: ஹோம் மேனேஜர். ஆனால் உருவான ஃபைல்களை அவ்வப்போது தனியாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாராக இருந்தாலும் முதல் நாளே எல்லா ஃபைலையும் உள்ளே தள்ளாதீர்கள். நீங்கள் கையால் திருத்திய மூன்று ஃபைலில் ஆரம்பியுங்கள். ஒரு வாரம் கழித்து அடுத்த மூன்று. குறைந்த டோஸில் ஆரம்பித்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து ஏற்றுவது எப்போதும் நல்லது.

13/
கடைசியாக ஒன்று. இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எல்லாமே வீண்.

திரும்ப எடுத்துப் பாருங்கள்.

எமர்ஜென்சி டிராலியில் லாரிங்கோஸ்கோப் இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் டிக் அடித்தால் போதாது. கையில் எடுத்து, பிளேடை மாட்டி, பல்ப் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நின்றவர் முன்னால் நின்றுகொண்டு பேட்டரி தேட முடியாது.

அதே மாதிரி, உங்கள் கணினியில் புதிதாக ஒரு யூசர் கணக்கைத் திறங்கள். அதில் உங்கள் களஞ்சியத்தை இறக்கி, டூலை ஓட விடுங்கள். எழுத்துரு, கீபோர்டு, சுருக்கங்கள் எல்லாம் வருகிறதா? வராதது எது? அதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு டூலை நீக்கிப் பாருங்கள். ஃபைல்கள் மிஞ்சுகின்றனவா? இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

பாஸ்வேர்டு பெட்டியின் முதன்மைப் பாஸ்வேர்டையும், பூட்டிய ஃபைல்களுக்கான சாவியையும் அந்தக் கணினிக்கு வெளியே இன்னொரு பத்திரமான இடத்தில் வையுங்கள். பூட்டின சாவியை அதே பெட்டிக்குள் வைத்தால் யாருக்கு லாபம்?

இரண்டு சோதனையிலும் தேறிய டூல் எதுவோ அதுவே உங்களுக்கான டூல். அது ஸ்டோவாக இருந்தாலும் சரி, ஒரு பென்டிரைவாக இருந்தாலும் சரி.

சந்தேகங்களைக் கமென்ட்டில் கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். பாஸ்வேர்டு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடாதீங்க.

புது லேப்டாப் வாங்கப் போகும் நண்பர்கள் யாராவது இருந்தால் பழையதை விற்பதற்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.